குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் யாரைக் கூப்பிடுவது?

(விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டை அருகே நடந்த கால்நடை நல விழிப்புணர்வு முகாமில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



விருத்தாசலத்துக்காரங்களுக்குக் குதிரை புதுசு இல்லை. சுத்துப்பட்டு கிராமங்களில் அய்யனார் கோயிலுக்குப் போனா சுடுமண் குதிரை நிக்குது. நம்ம தொழிற்பேட்டையில் செய்யற பொம்மைகளிலும் குதிரை உண்டு. ஆனா அதெல்லாம் புல்லு தின்னாது, நோயில விழாது. இன்னைக்கு நான் பேச வந்தது உயிருள்ள குதிரையைப் பத்தி.

இந்தப் பகுதியில் குதிரை வச்சிருக்கிறவங்க யாருன்னு பார்த்தா, கல்யாண ஊர்வலத்துக்கு விடுறவங்க, கோயில் திருவிழாவுக்கு அனுப்புறவங்க, வண்டிப் பந்தயத்துக்கு வளர்க்கிறவங்க, ஆசைக்காக ஒண்ணு ரெண்டு வச்சிருக்கிற இளைஞர்கள். எண்ணிக்கை குறைவுதான். நாடு முழுவதுமே அப்படித்தான் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து சுமார் 3.4 லட்சம். அதற்கு முந்தைய 2012 கணக்கெடுப்போடு ஒப்பிட்டால் 45 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது.

குதிரை குறையும்போது கூடவே இன்னொன்றும் குறைகிறது. தினமும் குதிரையைப் பார்த்துப் பழகிய மருத்துவர் குறைகிறார். லாடம் அடிப்பவர் குறைகிறார். குதிரைக்கு என்ன வந்தால் என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த பெரியவர்களும் குறைகிறார்கள். ஆகவே குதிரை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நோய் வந்த பிறகு வழி தேடாதீங்க. வருவதற்கு முன்னாடியே வழியைத் தெரிஞ்சு வச்சுக்குங்க. குதிரைக்கு நோய் வந்தால் உங்கள் கையில் இருப்பது நாட்கள் இல்லை, சில மணி நேரம்தான்.

ஒரு கல்யாண வீட்டுக் குதிரை

பணியில் இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருநாள் விடியற்காலை, இருட்டு பிரியும் முன்பே ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், குதிரை ராத்திரி முழுக்க உருளுது சார், கொஞ்சம் வாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். நல்ல வெள்ளைக் குதிரை. முந்தின நாள் ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் போயிருக்கிறது. ஊர்வலம் முடிந்ததும் கல்யாண வீட்டார் சந்தோஷத்தில் மிச்சமிருந்த சாதம், பாயசம், வாழைப்பழம் எல்லாவற்றையும் ஒரு அன்னக்கூடை நிறைய வைத்திருக்கிறார்கள். குதிரையும் தின்றிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னங்காலால் தரையைச் சுரண்ட ஆரம்பித்திருக்கிறது. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறது. வீட்டில் இருந்தவர்கள் அஜீரணம் என்று நினைத்து, நல்லெண்ணெயும் சோடாவும் கலந்து மூங்கில் குழாயில் ஊற்றியிருக்கிறார்கள். அதில் பாதி நுரையீரலுக்குப் போய்விட்டது.

நான் போனபோது குதிரையின் ஈறு கருஞ்சிவப்பாக இருந்தது. நாடி நிமிஷத்துக்கு 90க்கு மேல். வயிற்றில் காதை வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. கையில் இருந்த மருந்தைக் கொடுத்தேன். பத்து மணிக்குள் போய்விட்டது.

அந்தக் குதிரைக்காரர் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நேத்து சாயங்காலமே உங்களக் கூப்பிட்டிருந்தா பொழைச்சிருக்குமா சார்?"

நான் "சொல்ல முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது முழு உண்மை இல்லை. சாயங்காலமே கூப்பிட்டிருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அதை அவரிடம் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லியாக வேண்டும். அந்தக் குதிரையை நம்பித்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவர் அலட்சியக்காரரும் இல்லை. யாரைக் கூப்பிடணும், எப்போ கூப்பிடணும்னு அவருக்கு யாருமே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மாடு வேறு, குதிரை வேறு

மாட்டுக்குப் பார்க்கிற வைத்தியத்தையே குதிரைக்கும் பார்த்தா என்னன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. ரெண்டும் புல் தின்னுது, ரெண்டுக்கும் நாலு கால். ஆனா உள்ளே இருக்கிற அமைப்பு முற்றிலும் வேறு.

மாட்டுக்கு நாலு அறை கொண்ட இரைப்பை. தின்றதை மறுபடி வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். குதிரைக்கு ஒரே அறை. உடம்பின் அளவோடு ஒப்பிட்டால் அது சின்னது. புல்லைச் செரிக்கிற வேலையெல்லாம் பின்னால் பெருங்குடலில்தான் நடக்கிறது. அந்தக் குடல் நீளமானது, மடிந்து மடிந்து போவது, சில இடங்களில் திடீரென்று குறுகுவது. அடைப்பு வருவதும் முறுக்கிக்கொள்வதும் அங்கேதான். எல்லாவற்றுக்கும் மேலாக, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் உள்ள தசை அவ்வளவு இறுக்கம். தின்றது வெளியே வர வழி இல்லை. வாயு சேர்ந்தால் இரைப்பையே வெடித்துவிடலாம். இந்த வயிற்றுவலியைத்தான் மருத்துவர்கள் 'கோலிக்' என்கிறார்கள்.

மருந்திலும் இதே வித்தியாசம் உண்டு. சைலசின் என்று ஒரு மயக்க ஊசி இருக்கிறது. குதிரைக்குக் கொடுக்கிற அளவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மாட்டுக்குத் தேவைப்படும். மாட்டுக் கணக்கில் குதிரைக்குப் போட்டால் வேலை செய்யாது. குதிரைக் கணக்கில் மாட்டுக்குப் போட்டால் ஆபத்து.

தீவனத்தில் இன்னும் கவனம் வேண்டும். கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சல் வராமல் இருக்க மோனென்சின் போன்ற மருந்து கலப்பதுண்டு. சில மாட்டுத் தீவனத்திலும் இருக்கும். கோழி தாங்கும், மாடு தாங்கும். குதிரைக்கு அது விஷம், இதயத்தைப் பாதித்துவிடும். கோழிப்பண்ணையில் மிச்சமான தீவனம் சும்மா கிடைக்குதேன்னு குதிரைக்குப் போடாதீங்க. கலப்புத் தீவனம் வாங்கினால் மூட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்க.

பிராது எழுதுவது போலச் சொல்லுங்க

சரி, குதிரை தரையைச் சுரண்டுது, வயிற்றைத் திரும்பிப் பார்க்குது, படுத்துப் படுத்து எழுந்திருக்குது, உருளுது, லத்தி போடலை. இப்போ என்ன செய்வீங்க?

முதலில் தீவனத்தை அப்புறப்படுத்துங்க. அடுத்து போனை எடுங்க. அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம்.

நம்ம ஊர்க்காரங்களுக்குப் பிராது எழுதுவதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பேர், ஊர், குறை என்ன, எப்போதிலிருந்து என்று வரிசையாக எழுதித்தானே கட்டுகிறோம். மருத்துவரிடமும் அப்படியே வரிசையாகச் சொல்லுங்க. "குதிரைக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொன்னால், என்ன மருந்து எடுத்துவருவது என்று அவருக்குத் தெரியாது.

சொல்ல வேண்டியவை இவை. எத்தனை மணிக்கு ஆரம்பித்தது. கடைசியாக என்ன தின்றது. கடைசியாக எப்போது லத்தி போட்டது. தண்ணீர் குடித்ததா. நாடி எவ்வளவு. ஈறு என்ன நிறம். என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள்.

நாடி பார்ப்பது கஷ்டம் இல்லை. கீழ்த்தாடை எலும்பின் உள்பக்கம் விரலை வைத்தால் கயிறு போல ஒரு ரத்தக்குழாய் தட்டுப்படும். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குங்க. வளர்ந்த குதிரை சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். மூச்சு 8 முதல் 16. வெப்பம் 99 முதல் 101 டிகிரி ஃபாரன்ஹீட். ஓடாமல் நிற்கிற குதிரைக்கு நாடி 60ஐத் தாண்டினால் அவசரம். ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கணும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் நிறம் திரும்பணும். இதை எல்லாம் குதிரை நல்லா இருக்கும்போதே பத்து தடவை செய்து பழகுங்க. உங்க குதிரையின் சாதாரண கணக்கு என்னன்னு தெரிஞ்சாத்தானே, மாறினது தெரியும்?

செய்யக்கூடாதவை மூன்று. வாயிலோ மூக்கிலோ எண்ணெய், கஷாயம், சோடா எதையும் ஊற்றாதீங்க. மருத்துவரைக் கேட்காமல் வலி மருந்து போடாதீங்க. வலி அடங்கினதா நீங்க நினைப்பீங்க, உள்ளே குடல் அழுகிக்கொண்டிருக்கும். குதிரையை ஓட விடாதீங்க. மெதுவாகக் கொஞ்ச நேரம் நடத்தலாம். களைத்துப்போய் அமைதியாகப் படுத்தால் படுக்க விடுங்க. பலமாக உருளுகிற குதிரையை அடக்க நீங்க நடுவில் போய் உதை வாங்காதீங்க.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

மருத்துவர் வந்ததும் மூக்கு வழியாக ஒரு நீளமான ரப்பர் குழாயை இரைப்பைக்குள் விடுவார். பார்க்கிறவங்களுக்குப் பயமா இருக்கும். ஆனா வாந்தி எடுக்க முடியாத பிராணிக்கு அதுதான் வாந்தி. தேங்கின வாயுவும் நீரும் வெளியே வந்தாலே பாதி வலி இறங்கும். பிறகு மலக்குடல் வழியாகக் கையை விட்டுக் குடல் இடம் மாறியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். நரம்பில் நீர் ஏற்றுவார். பெரும்பாலான கோலிக் இதிலேயே, மருந்திலேயே சரியாகிவிடும்.

குடல் முறுக்கிக்கொண்டதுதான் ஆபத்து. அதற்கு அறுவை சிகிச்சை ஒன்றே வழி. 350, 400 கிலோ எடையுள்ள பிராணியை முழு மயக்கத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து வயிற்றைத் திறக்கவேண்டும். தூக்கிவைக்கப் பளுதூக்கி வேண்டும், மெத்தை போட்ட மேசை வேண்டும், மயக்க மருத்துவம் தெரிந்தவர் தனியாக வேண்டும். அறுவை முடிந்து மயக்கம் தெளிந்து எழுந்திருக்கும் நேரம் இன்னும் சிக்கல். மாடு நிதானமாக எழுந்திருக்கும். குதிரை பயந்து ஒரே எட்டில் எழப் பார்க்கும், கால் எலும்பை உடைத்துக்கொள்ளும். அதனால்தான் சுவரெல்லாம் மெத்தை வைத்த அறை தேவைப்படுகிறது. இதையெல்லாம் ஒரு ஊர் மருந்தகத்தில் எதிர்பார்க்க முடியாது. எதிர்பார்க்கவும் கூடாது.

மூன்று படிகள்

ஆகவே வழியை மூன்று படியாக மனசில் வைத்துக்கொள்ளுங்க.

முதல் படி, உங்க பகுதியின் அரசு கால்நடை மருந்தகம் அல்லது கால்நடை மருத்துவமனை. மருத்துவரை நோய் வருவதற்கு முன்பே ஒரு தடவை போய்ப் பாருங்க. "சார், எங்கிட்ட குதிரை இருக்கு, இன்ன வயசு" என்று சொல்லி வைங்க. அவருக்கும் குதிரைக்கான குழாயும் மருந்தும் தயாராக வைத்துக்கொள்ள அது உதவும்.

இரண்டாம் படி, 1962. இது கால்நடைகளுக்கான கட்டணமில்லா அழைப்பு எண். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி இந்த எண் மூலம்தான் இயங்குகிறது. குதிரை என்பதை முதல் வார்த்தையிலேயே சொல்லுங்க. ஊருக்கு வரும் வழி, அருகில் உள்ள கோயில், பள்ளிக்கூடம் போன்ற அடையாளம் சொல்லுங்க.

மூன்றாம் படி, கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நமக்குப் பக்கத்தில் இருப்பது சேலம் போகும் வழியில், சின்னசேலம் தாண்டி, தலைவாசல். அங்கே வி.கூட்டு ரோட்டில் 2020இல் அடிக்கல் நாட்டி எழுப்பிய பெரிய கால்நடை ஆராய்ச்சி நிலைய வளாகம் இருக்கிறது, கல்லூரியும் அங்கேதான். தெற்கே போனால் தஞ்சாவூர் பக்கம் ஒரத்தநாடு. வடக்கே சென்னை வேப்பேரி. எல்லாம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. கிளம்புவதற்கு முன் உங்க மருத்துவரை விட்டே அங்கே பேசச் சொல்லுங்க. குதிரைக்கு அறுவை செய்ய இன்றைக்கு ஆளும் வசதியும் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, பரிந்துரைச் சீட்டோடு போங்க. வழி தெரியாமல் இரண்டு ஊர் அலைந்தால் அந்த அலைச்சலிலேயே குதிரை போய்விடும்.

வண்டியையும் முன்கூட்டியே பேசி வைங்க. நடுராத்திரி எந்த டிரைவர் வருவார், தரை வழுக்காமல் இருக்க வைக்கோலும் மணலும் எங்கே இருக்கிறது, ஏற்றுவதற்குச் சரிவுப் பலகை யாரிடம் இருக்கிறது, இதெல்லாம் அந்த ராத்திரியில் தேடுகிற விஷயம் இல்லை.

மருத்துவர் இல்லாத நாட்டில் குதிரை

இதில் ஒரு பழைய கதை உண்டு. பாண்டிய ராஜா குதிரை வாங்கப் பணம் கொடுத்து அனுப்பியதும், நரி பரியானதும் நமக்கெல்லாம் தெரிந்த திருவிளையாடல். கதை எப்படியிருந்தாலும், கடல் கடந்து குதிரை வாங்கியது வரலாறு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ அதை எழுதிவைத்திருக்கிறார். ஓர்மூஸ், ஏடன் போன்ற துறைமுகங்களிலிருந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்தன. வருஷம் முடியும்போது அதில் மிகக் கொஞ்சமே உயிரோடு மிஞ்சின. காரணம் என்ன? பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை. குதிரை வியாபாரிகள் குதிரை வைத்தியர்களைக் கூடவே கொண்டுவரவில்லை, வர விடவும் இல்லை என்கிறார் அவர். குதிரை செத்தால்தானே அடுத்த வருஷமும் வியாபாரம்! சோறும் சமைத்த இறைச்சியும் கொடுத்து வளர்த்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

கஜானாவைக் கொட்டிக் குதிரை வாங்கிய ராஜாவுக்கே அந்தக் கதி. பணம் இருந்தது, குதிரை இருந்தது, வைத்தியம் இல்லை.

இன்றைக்கு நிலைமை மாறியிருக்கிறது. உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் பிரான்ஸின் லியோன் நகரில் ஆரம்பிக்கப்பட்டது. ஆரம்பித்த குளோத் பூர்ஜெலா ஒரு குதிரையேற்றப் பயிற்சிக் கூடத்தை நடத்தியவர். அதாவது, கால்நடை மருத்துவப் படிப்பு பிறந்ததிலேயே குதிரைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நம் மாநிலத்தில் 1903இல் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பாண்டிய ராஜாவுக்குக் கிடைக்காதது இன்றைக்கு விருத்தாசலத்தில் ஒரு குதிரை வைத்திருக்கிறவருக்கு போன் தூரத்தில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்துகொள்வதுதான் பாக்கி.

ஆஸ்பத்திரிக்கே போகாமல் இருக்க

குதிரை சாப்பாட்டில் முதலிடம் புல்லுக்கும் வைக்கோலுக்கும்தான். கொள்ளும் தானியமும் அடுத்தது. ஒரே வேளையில் நிறையக் கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை கொடுங்க. தீவனத்தை மாற்றுவதானால் ஏழு, பத்து நாளில் படிப்படியாக மாற்றுங்க. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஒரு நாளைக்கு 25 முதல் 40 லிட்டர் வரை குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். நம்ம செம்மண் பூமியில் தீவனத்தைத் தரையில் கொட்டினால் புல்லோடு மண்ணும் உள்ளே போகும். அந்த மண் குடலில் படிந்து கோலிக் வரும். தொட்டியில் வைங்க. கல்யாண வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்க: "பாசத்துக்கு ஒரு கைப்பிடி புல் கொடுங்க, பாயசம் வேண்டாம்."

அளவுக்கு மீறிய தானியம் குளம்பையும் தாக்கும். குளம்புக்குள் வீக்கம் கண்டு, குதிரை முன்னங்காலை ஊன்ற முடியாமல் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். அதுவும் அவசரம்தான்.

குளம்பை தினமும் தூக்கிப் பார்த்துச் சுத்தம் செய்யுங்க. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை சீவி லாடத்தைச் சரிபார்க்கணும். நம்ம ஊரில் இன்னொரு ஆபத்து, உடைந்த பீங்கான் சில்லு. சூளைக்கழிவு கொட்டிய இடத்தில் குதிரையைக் கட்டாதீங்க. ஆணியோ சில்லோ குளம்பில் ஏறினால் முடிந்தவரை பிடுங்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்க. எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும். பிடுங்கியே ஆகவேண்டிய நிலை என்றால் முதலில் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்க.

குளம்புக் காயம் என்றதும் பயப்பட வேண்டியது டெட்டனஸ். வீட்டுப் பிராணிகளில் டெட்டனஸுக்கு மிகவும் எளிதாக இரையாவது குதிரைதான். முதலில் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருஷம் ஒருமுறை. இவ்வளவுதான் செலவு.

பல்லையும் வருஷத்துக்கு ஒருமுறை காட்டுங்க. குதிரையின் பல் தேயத் தேய வளர்ந்துகொண்டே வரும். ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால் அதுதான் அடையாளம். மருத்துவர் அரம் போட்டு ராவினால் சரியாகிவிடும்.

நீங்க தினமும் கையாள்கிற சீனாக் களிமண்கூட குதிரைக்கு மருந்துதான். அதை மருத்துவத் தரத்தில் சுத்தம் செய்து, காலில் வீக்கம் கண்ட குதிரைக்குப் பற்றாகப் போடும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அதற்காகத் தொழிற்பேட்டைக் களிமண்ணை அள்ளிப் பூசிவிடாதீங்க. திறந்த காயத்தில் பூசவே கூடாது.

வேலை வாங்குவதிலும் சட்டம் இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் இழுவை மற்றும் பொதி சுமக்கும் விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி, ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வு தராமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக்கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வேலை வாங்கக்கூடாது. முள் வைத்த கடிவாளமும் கூடாது.

மறைக்கக்கூடாத நோய்

குதிரைக்கு மூக்கிலிருந்து கெட்டியான சளி, மூக்குக்குள் புண், காலில் வரிசையாகக் கட்டி உடைந்து புண் என்றால், அது கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம். இது மனிதருக்கும் தொற்றும். பாதித்த குதிரைக்குச் சிகிச்சை கொடுத்து வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. ஆகவே சிலர் பயந்து மறைக்கிறார்கள், இரவோடு இரவாக வேறு சந்தையில் விற்றுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் வாங்கியவர் வீட்டுக் குழந்தைக்கும் ஆபத்து. 2009ஆம் ஆண்டின் விலங்குகள் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி தகவல் சொல்வது உரிமையாளரின் கடமை. ரத்த மாதிரி எடுத்துச் சோதித்து, ஹரியானா மாநிலம் ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் வரை உறுதி செய்த பிறகே முடிவு எடுப்பார்கள். நோய்க்காக அரசு குதிரையைக் கருணைக்கொலை செய்தால் இழப்பீட்டுக்கும் வழி இருக்கிறது. சொல்லுங்க, மறைக்காதீங்க. வெளியூர்ச் சந்தையிலிருந்து புதுக் குதிரை வாங்கி வந்தாலும், மருத்துவர் பார்க்கும்வரை பழைய குதிரைகளோடு சேர்க்காமல் தனியாகக் கட்டுங்க.

குதிரை நமக்குச் செய்வது

கடைசியாக ஒன்று. குதிரை இல்லாத வீட்டுக்காரங்க, இது நமக்கு எதுக்குன்னு நினைக்கலாம். நம்ம பக்கம் முந்திரித் தோப்பிலும் நெல் வயலிலும் வேலை செய்கிற யாரையாவது பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனையில் போடுகிறார்களே விஷமுறிவு ஊசி, அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? குதிரைக்குப் பாம்பு விஷத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தியை ரத்தத்திலிருந்து பிரித்து எடுத்துத்தான் அந்த மருந்தைத் தயாரிக்கிறார்கள். நம்மில் எத்தனையோ பேர் உயிர் பிழைத்தது எங்கேயோ நிற்கிற ஒரு குதிரையின் ரத்தத்தால்.

வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. ஒரு அட்டையை எடுங்க. உங்க ஊர் கால்நடை மருத்துவரின் எண், 1962, வண்டிக்காரர் எண், பக்கத்து கால்நடைக் கல்லூரி மருத்துவமனையின் எண், உங்க குதிரையின் சாதாரண நாடி, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதி, இந்த ஆறையும் எழுதி லாயத்துச் சுவரில் ஒட்டுங்க. வீட்டில் இருக்கிற பிள்ளைகளும் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதுங்க. நீங்க ஊரில் இல்லாத அன்னைக்குத்தான் குதிரைக்கு வலி வரும்.

அந்தக் குதிரைக்காரர் கேட்ட கேள்வியை வேறு யாரும் என்னிடமோ, எனக்குப் பின்னால் வந்த மருத்துவர்களிடமோ கேட்கிற நிலை வரக்கூடாது. அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பேசினேன்.